கையெழுத்துக் கிடைக்காத மணித்தியாலங்கள்

யுத்தம் மறுபடி மூண்டிருந்த நாட்களில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், பேச்சு வராத பிள்ளைகளுக்கான ஒரு சிறிய நிலையத்தில் வேலை செய்தேன். நடத்தைப் பகுப்பாய்வாளர் என்ற சான்றிதழுக்காகத் தபால் மூலம் படித்துக்கொண்டும் இருந்தேன். பாடங்கள் முடிந்துவிட்டன. ஆனால் பரீட்சை எழுத முன், உரிமம் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் இத்தனை மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும். அவர் நேரில் பார்த்து, மாதாமாதம் கையெழுத்திட வேண்டும். எனக்கு வாய்த்தவர் கொழும்பில் இருந்த ஒரு பெண்மணி. சண்டை என்று இராணுவம் பாதையைப் பூட்டினால் அவர் வர முடியாது. பாதையை அடிக்கடி பூட்டினார்கள்.

அப்போது என்னிடம் ஏழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். எறிகணை விழும் செல்லடிக்குப் பயந்து தங்கள் ஊரான கிளிவெட்டியை விட்டு வந்து, தாயோடு சீனன்குடாப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் இருந்தாள். ஏதாவது வேண்டுமென்றால் தன் தலையில் தானே அடிப்பாள். எத்தனை மணிக்கு அடித்தாள், எத்தனை தரம், அதற்கு முன் என்ன நடந்தது என்று கோடு போட்டுக் குறிப்பது என் வேலை. பெயர் எழுதக் கூடாது, வெளியாருக்குச் சொல்லவும் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி.

ஒருநாள் பிற்பகல், வீட்டில் அவள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்க அவர்களோடு பஸ்ஸில் போனேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் என் கோப்பைத் திறந்தார். பக்கம் பக்கமாக நேரங்களும் கோடுகளும். தமிழ் தெரிந்த பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்.

"ஆர்ர போக்குவரத்தைக் குறிக்கிறீங்கள்?"

"ஒரு பிள்ளையின்ர பழக்கத்தைக் குறிக்கிறனான், ஐயா."

"எந்தப் பிள்ளை? பேர் என்ன?"

சொன்னால் விதியை மீறினவள் ஆவேன். சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பின்னால் நின்ற தாய் முன்னுக்கு வந்தாள்.

"என்ர பிள்ளை, ஐயா. இந்தா நிக்கிறாள். டீச்சரை ஒண்டும் செய்யாதேங்கோ."

வெயிலில் நின்ற பிள்ளை அதற்குள் தலையில் அடிக்கத் தொடங்கிவிட்டாள். நான் குந்தி, தலையில் அடிப்பதற்குப் பதிலாகக் கேட்கும் சைகையென்று மாதக்கணக்காகப் பழக்கியபடி, அவள் கையை எடுத்து என் உள்ளங்கையில் தட்ட வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். அடுத்த தரம் தானாகவே தட்டினாள். சிப்பாய் சற்று நேரம் பார்த்து நின்றுவிட்டு எங்களைப் போகச் சொன்னார். என் குறிப்புகள் இருந்த கோப்பை மட்டும் திருப்பித் தரவில்லை. பிறகு இரண்டு தரம் போய்க் கேட்டேன். கிடைக்கவில்லை.

மேற்பார்வையாளரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நீங்கள் வேலை செய்தனீங்கள், எனக்குத் தெரியும். ஆனா கண்ணால பாக்காததுக்கு நான் கையெழுத்து வைக்க ஏலாது. இப்ப பதிவும் இல்லை. அந்த மணித்தியாலங்களைத் திரும்பத் தொடங்குங்கோ."

அவரில் பிழையில்லை. அவருடைய இடத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். "ஓம்" என்று வைத்துவிட்டேன்.

திரும்பத் தொடங்கினேன். மூன்று மாதத்தில் மறுபடி பாதையைப் பூட்டினார்கள். முன்பு கையெழுத்தான மணித்தியாலங்களும் காலாவதியாகப் போகின்றன என்று கடிதம் வந்த அன்று, படிப்பிலிருந்து விலகுகிறேன் என்று நாலு வரி எழுதித் தபாலில் போட்டேன். அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க அலுப்பு மட்டும் இருந்தது. நிலையத்தில் கடைசிவரை உதவியாளராகவே இருந்தேன்.

அவர்கள் ஊர் திரும்ப முன், ஒரு கிழமை முழுக்கத் தாயைப் பக்கத்தில் இருத்தி எல்லாவற்றையும் பழக்கினேன்.

"இதுக்கு நானும் சோதினை எழுத வேணுமோ, டீச்சர்?" என்றாள்.

"உங்களிட்டச் சான்றிதழ் ஆரும் கேக்கமாட்டினம்."

கிளிவெட்டியில் இருந்து தாய் ஒருமுறை தொலைபேசியில் எடுத்துக் கதைத்தாள். பிள்ளை 'தா' என்று சொல்லத் தொடங்கியிருந்தாளாம்.