தட்டிக்கு அந்தப் பக்கம்

கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் ஆரம்பப் பாடசாலையில், ஒரு நீள மண்டபத்தை நடுவில் பலகைத் தட்டி வைத்து மறித்து இரண்டு வகுப்பாக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் தரம் மூன்று, என்னுடையது. அந்தப் பக்கம் தரம் இரண்டு. அதன் ஆசிரியை பிரசவ விடுமுறையில் போனார், பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்டால் அடுத்த மாதம் என்பார்கள். அடுத்த மாதம் போய்க் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். இரண்டு வகுப்பும் என் தலையில் விழுந்தன.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். காலையில் வெள்ளவத்தையில் ரயில் ஏறும்போதே அந்தக் காரியாலயத்தோடு மனதுக்குள் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடுவேன். சண்டை பிடித்து என்ன பலன்? கடைசியில் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் நான் போகும்போது என் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். சத்தம் கேட்டால் எல்லாம் ஒழுங்கு. சத்தம் நின்றால் யாரோ யாரையோ கிள்ளுகிறார்கள், உடனே ஓடி வருவேன்.

என் வகுப்பில் முகத்துவாரத்துப் பிள்ளை ஒருத்திக்கு வலிப்பு வரும். முதல் தடவை வந்தபோது பள்ளிக்கூடமே திரண்டு வந்து பார்த்தது. யாரோ அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். கண் திறந்தபோது அவளைச் சுற்றி முகங்கள், முகங்கள். சட்டை நனைந்திருந்தது. புத்தகப்பையால் முகத்தை மூடிக்கொண்டு பள்ளி விடும்வரை அழுதாள். அதற்குப் பிறகு சில நாள் வரவேயில்லை. வத்தளையில் கார்மென்ட்ஸில் வேலை செய்யும் தாய்தான் அரைநாள் லீவு போட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்து விட்டார்.

அன்றே வகுப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். மேசை கதிரையைத் தள்ளுங்கள், அவளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு ஒரு பை, வாய்க்குள் ஒன்றும் வைக்கக் கூடாது, ஒருவர் ஓடி வந்து என்னைக் கூப்பிட வேண்டும். நான் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

அதிபர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு ஆள் நிக்க வேணும். எங்களிட்ட ஆள் இல்லை. விசேட கல்வி அலகு இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதுதான் நல்லம்."

"அது எங்கயோ இருக்கு சேர். தாய் விடிய முதல் வேலைக்குப் போறவ. ஆர் கூட்டிக்கொண்டு போறது? பிள்ளை வீட்டிலதான் இருக்கும்."

"எனக்கும் விளங்குது. ஆனா இன்னொருக்கா வலிப்பு வந்தா நான் தாயைக் கூப்பிட்டுக் கதைக்கத்தான் வேணும்."

கெட்ட மனுசன் இல்லை. ஆள் இல்லாததால் தரம் ஐந்துக்குக் கணிதம் படிப்பிப்பதும் அவர்தான், மணி அடிப்பதும் அவர்தான். அதனாலேயே எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாத பள்ளிக்கூடம்.

பிறகு ஒரு நாள், தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கம் ஐந்தாம் வாய்ப்பாடு. திடீரென்று சத்தம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. இன்றைக்கு இவர்களை ஒரு கை பார்ப்பது என்று வெண்கட்டியோடு புறப்பட்டேன். தட்டியின் ஓரத்தில் ஒரு பிள்ளை என்மேல் வந்து மோதினாள்.

"டீச்சர், அவவுக்கு வந்திட்டு."

ஓடினேன். மேசைகள் தள்ளியிருந்தன. அவள் ஒருக்களித்துக் கிடந்தாள், தலைக்குக் கீழே பை. பக்கத்துக் கதிரைச் சிநேகிதி முழங்காலில் நின்று அவள் தோளில் கை வைத்திருந்தாள். மற்ற எல்லோரும் எழுந்து, அவளுக்கு முதுகைத் திருப்பி, சுவரையும் ஜன்னலையும் பார்த்து நின்று வாய்ப்பாடு சொன்னார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை.

அவள் பக்கத்தில் குந்தி, அருகில் நின்ற, வகுப்பிலேயே அதிகம் குறும்பு செய்யும் குழப்படிக்காரியிடம் ஏன் இப்படி என்று கேட்டேன். அவளும் திரும்பாமலே சொன்னாள்.

"அவ எழும்புற நேரம் நாங்க பார்த்துட்டு இருந்தா வெக்கம்தானே டீச்சர். சத்தமாச் சொன்னா அங்கால வகுப்புக்கும் ஒண்டும் விளங்காது. ஒருத்தரும் பார்க்க வரமாட்டாங்க."

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் இல்ல. இன்டர்வெல்ல நாங்களே கதைச்சம்."

பென்சிலுக்கும் ரப்பருக்கும் நாள் முழுக்கச் சண்டை பிடிக்கும் பிள்ளைகள். எத்தனை பயிற்சி வகுப்புகளில் போய்க் குந்தியிருக்கிறேன், இப்படி ஒன்று என் புத்திக்கு எட்டியதில்லை. இவர்களுக்கு முன்னால் நான் யார் என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டு அதிபர் வாசலுக்கு வந்துவிட்டார். முடிந்தது, இனித் தாயைக் கூப்பிடுவார். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அந்த முதுகுகளைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, விறாந்தைச் சுவரைப் பார்த்து நின்றார். "நாலைந்து இருபது" என்று பிள்ளைகளோடு சேர்ந்து அவருடைய கட்டைக் குரலும் கேட்டது.

நடுக்கம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அவள் கண் திறந்து மெல்லச் சுற்றிப் பார்த்தாள். ஒரு முகமும் இல்லை. நான் துவாயைக் கொடுத்தேன். இடுப்பில் சுற்றிக்கொண்டு, சிநேகிதியின் கையைப் பிடித்து எழுந்து, அவளும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். "எட்டைந்து நாற்பது" என்று அவள் குரல் மெல்லியதாகக் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் திரும்பித் தங்கள் கதிரைகளில் போய் இருந்தார்கள். அவள் அழவில்லை.

ஆசிரியர் தேவையில்லை என்று இதை வைத்து யாராவது சொன்னால் நான் சும்மா விடமாட்டேன். வலயக் காரியாலயத்துக்கு இன்னமும் நடந்துகொண்டுதான் இருக்கிறேன்.

அன்று பள்ளி விட்டதும் அதிபரிடம் நானே போய், தாயை எப்போது கூப்பிடப் போகிறார் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தாயைக் கூப்பிட்டு நான் என்ன சொல்லுறது டீச்சர்? பிள்ளைக்குப் பக்கத்தில நிக்க ஆள் இல்லையெண்டோ?"