பிஸ்கட் பெட்டி மூடியில் ஒரு விமானம்

புதன்கிழமை விடியற்காலை, நாயை வெளியே கூட்டிப்போய் வந்த பிறகுதான் புறப்பட்டேன். இங்கிலாந்தில் நான் இருக்கும் லிங்கன்ஷயர் கிராமத்துக்குப் பின்னால் பார்லி வயல். வயலின் நடுவே எங்கும் போய்ச் சேராத ஒரு கொங்கிரீட் பாதை கிடக்கிறது. யுத்த காலத்தில் அது விமான ஓடுபாதை. அங்கிருந்துதான் குண்டுவீச்சு விமானங்கள் இரவிரவாக ஜேர்மனிக்குப் போயின. பல திரும்பி வரவில்லை. இப்போது அதில் நானும் நாயும்தான் நடக்கிறோம். மூடுபனிக் காலங்களில் நாய் ஓரிடத்தில் நின்றுவிடும். காதை உயர்த்தி, ஒன்றுமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்க்கும். அன்றும் பார்த்தது. ரயிலுக்கு நேரமாகிறது என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறந்த ஊர் மன்னார். பதினெட்டு வருடமாக அந்தக் கிராமத்தின் ஒரே கடைக்காரன். இங்கிலாந்தைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு, அதைச் சொல்ல நான் கூச்சப்படுவதில்லை. ஓடிவந்தவனுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்ன நாடு. "வெள்ளைக்காரனுக்கு வால் பிடிக்கிறான்" என்று லண்டன் சிநேகிதர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒன்றுதான் குறை. எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு லிங்கன்ஷயர் என்றால், உடனே இரண்டாவது கேள்வி வரும்: "அது சரி, உண்மையில் எந்த ஊர்?" பதினெட்டு வருடம் என்னிடம் பால் வாங்கியவர்களே கேட்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், இந்த வருடம் நவம்பரில் விமானிகளின் நினைவுத்தூணுக்கு மலர்வளையம் வைக்க என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஜேர்மனியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டதற்குப் பாதிக் காரணம் இதை நேரில் சொல்வதுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு போகாமல் என் கடையிலிருந்தே ஒரு பிஸ்கட் பெட்டி எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பவுண். வெண்ணெய் பிஸ்கட், நல்ல தடித்த தகரப்பெட்டி. மூடியில் நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் ஒன்று நிலா வெளிச்சத்தில் பறக்கும் படம். எங்கள் பக்கத்துக்கு வரும் சுற்றுலாக்காரர் விரும்பி வாங்குவது அதைத்தான். ஜேர்மனிக்கு அதைக் கொண்டுபோகிறோமே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

லிங்கனிலிருந்து லண்டனுக்கு இரண்டு மணி நேரம். தெருவைக் கடந்தால் கடலடி ரயிலுக்கான நிலையம். போக மட்டும் தொண்ணூற்று நான்கு பவுண். பிரெஞ்சுக் காவலர் என் நீலக் கடவுச்சீட்டைப் புரட்டினார்.

"எத்தனை நாள்?"

"நாலு."

முத்திரை விழுந்தது. பிரசெல்சில் ஒரு மாற்றம், கொலோனில் ஒன்று, எசனில் ஒன்று. எசனிலிருந்து கெல்சென்கிர்ச்சனுக்குப் பத்துக் கிலோமீற்றர்கூட இருக்காது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே இடைவெளியே இல்லை. ஜன்னலுக்கு வெளியே எல்லாக் கட்டடமும் ஒரே வயதுக்காரர்போல் இருந்தன. ஏன் அப்படி என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

நிலையத்தில் தங்கை றஞ்சி நின்றாள். முப்பது வருடமாக அங்கே இருக்கிறாள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. அவள் கணவன் ஊருக்குப் போயிருந்ததால் வீட்டில் அவள் மட்டும். மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. பிஸ்கட் பெட்டியை வாங்கினாள், மூடியைப் பார்க்கக்கூட இல்லை.

"அண்ணை, எனக்கும் சீனி வருத்தம், உங்களுக்கும் சீனி வருத்தம். இதை ஆர் தின்னுறது? கீழ்வீட்டு நோவாக்குக் கிழவருக்குக் குடுத்திட்டு வாறன், பாவம், தனிய இருக்கிறார்."

போய்க் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். "என்ரை அண்ணை இங்கிலண்டிலையிருந்து கொண்டந்தது எண்டு சொன்னனான். இனி இருந்து பாருங்கோ. நான் சூப் குடுத்தால் முந்தி வெறுஞ்சட்டிதான் வரும். வெறும் பாத்திரம் திருப்பித் தரக்கூடாது, அது எங்கடை வழக்கம் எண்டு சொல்லிக் குடுத்தன். இப்ப பாணோ பழமோ ஏதும் ஒண்டு இல்லாமல் வராது."

மலர்வளையம் பற்றிச் சொன்னேன். "பெரிய ஆளாகீட்டியள்" என்றாள். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

வியாழக்கிழமை காலை பத்து மணிபோல ஜன்னலடியில் தேநீரோடு இருந்தேன். இரண்டு தெரு தள்ளி வீடு கட்ட நிலம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தின் சத்தம் விடியலிலிருந்து ஓயவில்லை. திடீரென்று நின்றது. அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. சற்று நேரத்தில் றஞ்சியின் கைத்தொலைபேசி அலறியது. என்னுடையதும் அலறியது. மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் தெருவில் போனவர்களின் சட்டைப்பைகளிலும் அதே அலறல்.

றஞ்சி வாசித்தாள். "குண்டு கண்டெடுத்திருக்கினம். பழைய யுத்தத்துக் குண்டு. பயப்பிடாதேங்கோ, இஞ்சை இது அடிக்கடி வாறதுதான். ரெண்டு மணிக்கு முதல் எல்லாரும் வெளிக்கிட வேணுமாம். பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகட்டாம். இருநூற்றைம்பது கிலோ." கொஞ்சம் நிறுத்தினாள். "இங்கிலிஷ்க் குண்டாம், அண்ணை."

கதவுக்குப் பின்னால் ஒரு பை தொங்கியது. கடவுச்சீட்டுகள், நகை, மருந்து. எப்போதும் கட்டியபடியே இருக்குமாம். மன்னாரில் பழகியது, விட ஏலாது என்றாள்.

ஒரு மணிக்குக் கீழே இறங்கினால் நோவாக்கின் கதவு திறந்திருந்தது. மஞ்சள் மேற்சட்டை போட்ட நகரசபைக்காரர் இருவர் வாசலில் நின்றார்கள். கிழவர் வர மாட்டேன் என்கிறாராம். ஒருவர் உள்ளே இருந்தாலும் குண்டை ஆராயத் தொடங்க முடியாது. வராவிட்டால் பொலிஸ் வந்து தூக்கிக்கொண்டு போகும்.

"தூக்கினால் இந்த மனுசன்ரை இருதயம் தாங்காது அண்ணை," என்றாள் றஞ்சி. "போன மாசம்தான் ஆஸ்பத்திரியாலை வந்தவர். தன்ரை காலாலை நடந்து வந்தால்தான் தப்புவார்."

உள்ளே போனோம். எண்பத்தைந்து வயதுக்காரர் சமையலறை மேசைக்கு முன்னால் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு அமர்ந்திருந்தார். மேசையில் என் பிஸ்கட் பெட்டி. ஒரு பிஸ்கட்கூட எடுக்கப்படவில்லை. மூடியைச் சீனிப்போத்தலில் சாய்த்து, படம் தன்னைப் பார்க்கும்படி நிறுத்தியிருந்தார்.

என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். றஞ்சி தமிழில் சொன்னாள்: "நீங்கள்தானே அந்த இங்கிலிஷ்காரன் எண்டு கேக்கிறார்."

தலையாட்டினேன். இரண்டாவது கேள்விக்குக் காத்திருந்தேன். என் நிறத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அந்தக் கேள்வி வரவில்லை. என் ஆயுளில் முதல் தடவையாக ஒரு மனிதர் நான் இங்கிலிஷ்காரன் என்றதை அப்படியே ஏற்றுக்கொண்டார்.

அடுத்ததைக் கேட்டார்.

"வெடிக்குமோ எண்டு கேக்கிறார்."

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"போட்டது நீங்கள், உங்களுக்குத்தானே தெரிய வேணும் எண்டுறார்."

பிறகு நீளமாகப் பேசினார். நாலு வயதில் இப்படித்தான் வெளியே வரச் சொன்னார்களாம். தாய் கையைப் பிடித்துப் பதுங்குகுழிக்குக் கூட்டிப் போனாளாம். திரும்பி வந்தபோது வீடு இல்லை. அதனால் இந்த முறை வீட்டைத் தனியே விடப்போவதில்லை.

நான் மன்னார்காரன் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அந்தக் குண்டு விழுந்தபோது என் அப்பாவே பிறக்கவில்லை, எங்கள் நாட்டையும் அவர்கள்தான் பிடித்து வைத்திருந்தார்கள் என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மை. நாக்கின் நுனிவரை வந்தது. ஆனால் மலர்வளையம் வைக்க மட்டும் இங்கிலிஷ்காரன், குண்டென்றால் மன்னார்காரன், அது என்ன நியாயம்? என் வீட்டுப் பின்வளவு ஓடுபாதையிலிருந்துகூட அது கிளம்பியிருக்கலாம்.

"வெடிக்காது எண்டு சொல்லு," என்றேன். "வீடு நிக்கும் எண்டு சொல்லு. நான் அவரோடையே இருக்கிறன் எண்டும் சொல்லு."

றஞ்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, தொப்பியைப் போட்டு, கையை நீட்டினார். என் முழங்கையைப் பற்றிய பிடி ஒரு குழந்தையின் பிடிபோல இறுக்கமாக இருந்தது.

தெருவில் ஒருவருமில்லை. வீடுகளில் விளக்குகள் எரிந்தன. எங்கோ ஒரு சலவை இயந்திரம் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. பேக்கரியின் வெளிமேசையில் ஒரு கோப்பையிலிருந்து இன்னும் ஆவி வந்தது. ஒலிபெருக்கி வண்டி ஒன்று அடுத்த தெருவில் போனது. அதன் குரல் மட்டும் கேட்டது, வண்டியைக் காணவில்லை. மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

நடுத்தெருவில் நோவாக் நின்றுவிட்டார். முகத்தை உயர்த்தி, ஒன்றுமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார். அதே நிற்பு, அதே கழுத்துச் சாய்வு. என் நாயைத் தவிர வேறு யாரிடமும் நான் அதைக் கண்டதில்லை.

"விமானச் சத்தம் கேக்குதோ எண்டு கேக்கிறார்," என்று றஞ்சி கிசுகிசுத்தாள்.

எனக்குக் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

மண்டபத்தில் பாதி உலகம் இருந்தது. சிரியாக்காரர், உக்ரேன்காரர், துருக்கியர், நம்மவர்கள். குண்டுக்குப் புதியவர் என்று அங்கே அதிகம் பேர் இல்லை. அதனாலோ என்னவோ யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நோவாக் மட்டும் பேசினார். குண்டுவீச்சுக்கு மறுநாள் பிள்ளைகள் சிதறிய இரும்புத் துண்டுகளைப் பொறுக்குவார்களாம், விளையாடும் போளைக் குண்டுகளைப்போல் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்களாம். தன் வீடு இருந்த இடத்தில் எடுத்ததை மட்டும் அவர் யாருக்கும் கொடுக்கவில்லையாம்.

நாலரை மணிக்கு அறிவித்தல் வந்தது. றஞ்சியின் முகம் மாறியது.

"வெடிக்கிற பாகத்தைக் கழட்ட ஏலாதாம். இருந்த இடத்திலையே வெடிக்க வைக்கப் போகினமாம்."

நோவாக் திரும்பி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். வேறென்ன செய்ய? அவர் என் கையை விடவில்லை.

சத்தத்துக்கு முன் நிலம் அசைந்தது. உள்ளங்காலால் ஏறி முழங்கால்வரை வந்தது. பிறகுதான் சத்தம். உயரத்துச் சாளரங்கள் கிணுகிணுத்தன. கூரையிலிருந்து தூசி மெல்ல இறங்கியது. நோவாக் ஏதோ ஒரு சொல் சொன்னார். றஞ்சி மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொன்னவர்?"

"தாயைக் கூப்பிட்டவர், அண்ணை."

ஆறு மணிக்குத் திரும்பினோம். மூலை திரும்பும்வரை கிழவர் கண்ணை மூடிக்கொண்டே நடந்தார். "வீடு நிக்குது, கண்ணைத் திறவுங்கோ" என்று றஞ்சி தமிழிலேயே சொல்லிவிட்டாள். அவர் திறந்தார். வீடு நின்றது. அவருடைய சமையலறை ஜன்னல் ஒன்று மட்டும் உடைந்திருந்தது. பிஸ்கட்டெல்லாம் கண்ணாடித் தூள். மூடி நிலத்தில், விமானம் கீழே இருக்கும்படி கவிழ்ந்து கிடந்தது. கூட்டுகிறேன் என்று நான் தும்புத்தடியைத் தேட, அவர் அதை வாங்கித் தானே கூட்டினார். பாதி பலித்து, பாதி பொய்த்துப்போன என் வாக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை படியிறங்கினேன். நோவாக் வாசலில் பிஸ்கட் பெட்டியோடு நின்றார். கழுவித் துடைத்திருந்தார். நீட்டினார். கனத்தது.

"பாத்தியளே, வெறுமனே தரமாட்டார்," என்று றஞ்சி சிரித்தாள். கிழவர் சொன்னதைத் தமிழில் சொன்னாள்: "வீட்டை போய்த் திறக்கட்டாம்."

வீடுவரை அது போகவில்லை. பிரசெல்சில் பையைச் சோதிக்கும் இயந்திரம் என் பையோடு நின்றுவிட்டது. சீருடைப் பெண் ஒருத்தி என்னை ஒதுக்கி, பெட்டியைத் திறக்கச் சொன்னாள். பத்திரிகைத் தாளுக்குள் உள்ளங்கையளவு இரும்புத் துண்டு. கறுப்பு. ஓரங்கள் இன்னும் கூர். எண்பது வருடம் ஒருவர் பத்திரமாக வைத்திருந்தது.

"இது என்ன?"

"குண்டின் சிதறல்."

"யாருடையது?"

என் முகத்தைப் பார்த்தாள், கடவுச்சீட்டைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. நோவாக் கொடுத்தது, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல இன்னொரு வாய்ப்பு.

"எங்களுடையது," என்றேன்.

ரயிலில் கொண்டுபோக முடியாது என்று, கத்தரிக்கோல்களும் பேனாக்கத்திகளும் கிடந்த தொட்டியில் போட்டாள். அது விழுந்த சத்தம் அவ்வளவு சின்னத் துண்டுக்கு மிகப் பெரிதாக இருந்தது. வெறும் பெட்டியோடு ரயிலேறினேன்.

ஞாயிறு காலை கடையைத் திறக்குமுன் நினைவுத்தூண் குழுத் தலைவர் பால் வாங்க வந்தார். "அடுத்த மாதம் வைக்கிறாய்தானே?" என்றார். வைக்கிறேன் என்றேன். அந்தத் தூணில் பெயர் இருக்கும் பையன்களில் பலருக்கு இருபது, இருபத்தொரு வயது. அவர்களை நினைத்து எனக்கு இன்னும் பெருமைதான். பதுங்குகுழியிலிருந்து திரும்பி வந்து வீட்டைத் தேடிய நாலு வயதுப் பையனை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை. இரண்டையும் சுமந்துகொண்டுதான் அந்த நாளில் அங்கே போய் நிற்பேன்.

பிறகு நாயைக் கூட்டிக்கொண்டு வயலுக்குப் போனேன். பனி இடுப்பளவு நின்றது. ஓடுபாதையின் நடுவே வழக்கமான இடத்தில் நாய் நின்றது, காதை உயர்த்தியது, வானத்தை அண்ணாந்து பார்த்தது. இந்த முறை நான் அதை இழுக்கவில்லை. பக்கத்தில் நின்று நானும் காதுகொடுத்துக் கேட்டேன்.