தனபாக்கியம் அத்தை காரில் ஏறமாட்டாள்

சத்தியவேட்டிலிருந்து திருப்பதி வரைக்கும் எனக்குத் தெரிந்த கல்யாணத் தரகர்களில் கார் இல்லாதவள் தனபாக்கியம் அத்தை ஒருத்திதான். மற்றவர்கள் பெண் வீட்டு வாசலில் காரை நிறுத்திக் கதவை அறைந்து சாத்தி, தெருவுக்கே தெரியும்படி இறங்குவார்கள். அத்தை ஆர்டிசி அரசு பஸ்ஸில் வந்து, ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோவிலும் நடந்தும் வருவாள். கையில் ஒயர் கூடை. அதற்குள் குடை, தண்ணீர் பாட்டில், ஆதார் கார்டு. பெண்களுக்குப் பஸ் இலவசம் ஆனதிலிருந்து அந்தக் கார்டை வெற்றிலைப் பையைவிடப் பத்திரமாக வைத்திருக்கிறாள். ஜாதகமும் போட்டோவும் போனில் இருக்கின்றன.

அத்தை என்று நாங்கள் கூப்பிடுவதுதானே தவிர உறவு ஒன்றும் கிடையாது. ஏன் கார் வாங்கவில்லை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் சொல்வாள். வசதியான வீட்டில் கேட்டால், காரில் ஏறினால் வாந்தி வரும் என்பாள். கேலியாகக் கேட்கிறவனிடம், நீ வாங்கிக் கொடு, ஏறுகிறேன் என்பாள். என்னிடம் மட்டும் ஒருநாள் உள்ளதைச் சொன்னாள்.

"கார்ல போய் எறங்கினா அந்த வீட்டு ஆளுங்க மட்டும்தான் பேசுவாங்க. நடந்து போனா தெருவே பேசும்டி. ஆட்டோக்காரன் பேசுவான், பூக்காரி பேசுவா. கண்ணாடிய ஏத்திக்கினு போறவளுக்கு எவ சொல்லுவா?"

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று ஊரில் சொல்வார்கள். அத்தைக்கு அந்தப் பழமொழியே ஆகாது. கல்யாணத்துக்கு அப்புறம் அந்த ஆயிரம் பொய்யையும் யார் வைத்துக் குடித்தனம் பண்ணுவது, பழமொழி சொன்னவனா என்று கேட்பாள்.

நான் சுமித்ரா. நாகலாபுரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகிறேன், வருகிறேன். என் அப்பா, நைனா நாகையா, ஒரு காலத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். இப்போது சொந்த நிலத்தில் வேர்க்கடலை போடுகிறார். தலை நிமிர்ந்து நடக்க ஆரம்பித்து ரொம்ப நாள் ஆகவில்லை. அதனால்தான் யாராவது தன்னைக் குறைவாக நினைத்துவிடுவார்களோ என்கிற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. இந்தக் கதையில் நடந்த கூத்துக்கெல்லாம் அந்தப் பயம்தான் காரணம்.

எனக்கு மாப்பிள்ளையை அத்தை கண்டுபிடித்தது ஷேர் ஆட்டோவில். திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து கொர்லகுண்டா போகும் ஆட்டோ, உள்ளே மூச்சுவிட இடமில்லாத கூட்டம். மாவுக்கட்டுப் போட்ட காலோடு ஒரு பெரியவர் ஏறினார். எதிரே உட்கார்ந்திருந்த பையன் அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பள்ளத்தில் வண்டி குதிக்கும்போதெல்லாம் ஆடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறான். உறவா என்று அத்தை கேட்டாள். யாரென்றே தெரியாது என்றான். அவன் இறங்கிய இடத்திலேயே அத்தையும் இறங்கினாள். பெயர் தமிழ்செல்வன், ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை, அப்பா இல்லை, அம்மா மணியம்மா தையல் தைக்கிறாள் என்பதெல்லாம் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே தெருமுனைப் பூக்காரி சொல்லிவிட்டாள்.

பெண் பார்க்க வரும்போது அத்தை கூட வருவதில்லை. காட்டிவிட்டேன், இனி நீங்களாயிற்று என்று விலகிக்கொள்வாள். அவள் பழக்கம் அது. அந்த நாளில் மட்டும் வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது.

ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார்கள். தாய்மாமன் முதலில் இறங்கி, காரின் முதுகைத் தட்டி, "நம்ம வண்டிதான்" என்றார். நைனாவின் முகம் மலர்ந்தது. உள்ளே வந்து பெஞ்சின் ஓரத்தில் கூச்சத்தோடு உட்கார்ந்த தமிழ்செல்வன் அதை மறுக்கவில்லை.

எங்களைத் தனியாகப் பேச விட்டார்கள். வேலை பிடித்திருக்கிறதா, சம்பளம் எவ்வளவு என்று கேட்பான் என்று பதில் தயாராக வைத்திருந்தேன்.

"ஷிஃப்ட் முடிஞ்சி வர்றப்ப பஸ்ல எந்தப் பக்கம் உக்காருவீங்க?" என்றான்.

"வெயில் படாத பக்கம்."

"நானும் அதான். ஆனா நான் ஏறும்போது அந்தப் பக்கம் ரொம்பியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. அந்தச் சிரிப்பிலேயே எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. கார் வைத்திருக்கிறவனுக்குப் பஸ்ஸின் வெயில் பக்கம் எப்படித் தெரியும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. ஆசை வந்தால் கண் மட்டுமா மறைகிறது, கணக்கும் மறந்துபோகிறது.

அடுத்தது எங்கள் பக்கத்தார் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டும். கார் உள்ள வீட்டுக்குப் பஸ்ஸில் போய் இறங்குவதா என்று நைனாவுக்குத் தூக்கமே போய்விட்டது. சத்தியவேட்டில் வாடகைக் கார் ஓட்டும் ரங்கையாவைப் பிடித்தார். யாராவது கேட்டால் இது நாகையாவின் வண்டி என்று சொல்லும்படி அவனிடம் சொல்லிவைத்தார். அம்மா வேண்டாம் என்றாள். நைனா கேட்கவில்லை. நைனாவும் அம்மாவும் சித்தப்பாவும் பட்டுடுத்திக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது நைனாவின் முகம் சுருங்கிக் கிடந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டார். என்ன ஆயிற்று என்று கேட்டால் அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அடுப்படியில் வைத்துத்தான் சொன்னாள்.

உள்ளே எல்லாரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ரங்கையா வெளியே பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறான். திரும்பி வரும் வழியில் சொன்னானாம்.

"அன்னா, ஆ இன்ட்லோ காரு லேதன்ட. அந்த வீட்டுல காரே கெடையாதாம். அன்னிக்கு வந்தது யாரோ தோஸ்தோட வண்டியாம். பையன் டெய்லி ஷேர் ஆட்டோலதான் போறானாம்."

நைனா கொதித்துப்போய், ஏமாற்றுக்காரர்கள், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் என்று திட்டியிருக்கிறார். ரங்கையா அதற்கும் அடக்கமாகவே பதில் சொல்லியிருக்கிறான்.

"என்னயும் கேட்டாங்க அன்னா, இந்த வண்டி உங்களுதானான்னு. நீங்க சொன்ன மாதிரியே ஆமான்னு தலையாட்டிட்டேன்."

அம்மா அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னால் சிரிக்க முடியவில்லை. நைனாவின் வீம்பு எனக்குத் தெரியும். தன் பொய்யை மறைப்பதற்காகவே அடுத்தவன் பொய்யைப் பெரிதாக்குவார். இந்தக் கல்யாணம் நின்றுவிடும். அதைவிட இன்னொன்று வலித்தது. தாய்மாமன் பொய் சொன்னபோது அவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தான்? எனக்கு அவன் வேண்டும். ஆனால் வாய் திறக்கத் தெரியாதவனாக வேண்டாம்.

அம்மா போனில் சொல்லியிருந்தாள், மறுநாளே அத்தை வந்தாள். கூடையை இறக்கி வைக்கக்கூட இல்லை.

"இன்னா நாகையா, வேணாம்னியாமே?"

"கார் கீதுன்னு பொய் சொன்னவங்க நாளைக்கு இன்னா சொல்லமாட்டாங்க அக்கா?"

"பையனுக்குக் கார் கீதுன்னு நான் சொன்னனா?"

"நீ சொல்லல. அவங்க மாமன் சொன்னான்."

"சரி. நீ போன காரு யாருது?"

நைனா வாளியைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அத்தை அவர் பின்னாலேயே போனாள். அவளுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. குரலும் உடைந்திருந்தது.

"எவனும் என் எதிர்ல வேஷம் கட்டக்கூடாதுன்னுதான்யா இந்த வயசுலயும் பஸ் ஏறி எறங்கிக்கினு கீறேன். நீங்க ரெண்டு வீடும் என் முதுகுக்குப் பின்னால வேஷம் கட்டிக்கினீங்க. அந்தப் பையன ஆட்டோல பாத்துதான்யா புடிச்சேன். கார்ல பாத்திருந்தா திரும்பிக்கூடப் பாத்திருக்கமாட்டேன்."

நைனா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை கடைசியாக ஒன்று சொன்னாள். வெள்ளிக்கிழமை நாராயணவனம் கோவிலில் தாம்பூலம் மாற்றுவது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். இரண்டு வீட்டாரும் பஸ்ஸில் வர வேண்டும். வாசலில் ஒரு காரைப் பார்த்தாலும் அப்படியே திரும்பிப் போய்விடுவாள். வர இஷ்டமில்லாதவர்கள் வராமல் இருந்துவிடலாம். இதையேதான் கொர்லகுண்டாவிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நைனா தானாகவே வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். அம்மாவோடு நானும் அவர் பின்னால் தாம்பூலத் தட்டைத் துணியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பெண் வரக்கூடாது என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். என் கல்யாணம் நிற்கிறதா நடக்கிறதா என்பதை நான் வீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளமாட்டேன் என்று சொன்னேன்.

நாராயணவனத்தில் நாங்கள் ரோட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கினோம். கொஞ்ச நேரத்தில் புத்தூர்ப் பக்கமிருந்து வந்த பஸ் எதிர்ப்பக்கம் நின்றது. மணியம்மா இறங்கினாள், தாய்மாமன் இறங்கினார், பழக்கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தமிழ்செல்வன் இறங்கினான். நடுவில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அத்தை ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை.

அவர்கள் ரோட்டைத் தாண்டி வந்தார்கள். நைனா கும்பிட்டார். அப்புறம், கேட்கிற ஆள் யாருமே இல்லாதபோது, தானாக ஆரம்பித்தார்.

"வண்டிய சர்வீசுக்கு வுட்டுட்டேன். அதான் பஸ்ல..."

"நம்மளுதும் சர்வீசுலதான் கீது" என்றார் தாய்மாமன், ஒரு நொடிகூட யோசிக்காமல்.

இனிமேல் இவர்கள் திருந்தப் போவதில்லை என்று நினைத்தேன். தமிழ்செல்வன் பழக்கூடையைக் கீழே வைத்தான். நைனாவை நேராகப் பார்த்துச் சொன்னான்.

"எங்ககிட்ட கார் இல்ல மாமா. அன்னிக்கு வந்தது என் பிரெண்டோடது. எனக்கு ஓட்டக்கூடத் தெரியாது. அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னுது. கல்யாணத்துக்கு அப்புறமும் நான் பஸ்லயும் ஆட்டோலயும்தான் போவேன். உங்களுக்குச் சரின்னா தட்ட மாத்தலாம்."

தாய்மாமன் தலையில் அடித்துக்கொண்டார். நைனா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சொல்லு நைனா, சொல்லு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"நம்மளுதும் வாடகை வண்டிதான் மாப்ள" என்றார்.

மாப்பிள்ளை என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மணியம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் அம்மா. ரோட்டோரத்தில் நின்றுகொண்டு இரண்டு குடும்பமும் வயிறு குலுங்கச் சிரித்தது. டீக்கடையிலிருந்து அத்தை கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இப்பதான் பொண்ணு பாத்தது, மாப்பிள்ள பாத்தது எல்லாம் ஆச்சி. கோவில் நட சாத்துற நேரம் ஆயிடப் போவுது, நடங்க" என்றாள்.

கல்யாணம் வைகாசியில். அத்தைக்கு நைனா வேட்டி முனையில் முடிந்துவைத்திருந்த தரகுப் பணத்தை எடுத்துக் கொடுக்கப் போனார். கல்யாணம் முடிஞ்சி ஒரு வருசம் கழிச்சி, உன் பொண்ணு சந்தோசமா இருந்தா கொடு என்று மடக்கிவிட்டாள். தட்டு மாற்றிச் சாப்பிட்டு முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எங்கள் பக்கத்துப் பஸ் பிதுங்கி வழிந்துகொண்டு வந்தது. அது நிற்பதற்குள் தமிழ்செல்வன் ஓடினான். எகிறி, ஒரு ஜன்னல் வழியாகத் தன் கைக்குட்டையை உள்ளே போட்டான்.

"மாப்ள, உங்க பஸ் எதிர்ப்பக்கம்" என்று நைனா கத்தினார்.

"தெரியும் மாமா."

நான் கூட்டத்தில் நசுங்கி உள்ளே போனேன். ஜன்னலோர சீட்டில் நீலக் கைக்குட்டை கிடந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எதிர்வரிசைக்காரர்கள் முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவன் பிடித்து வைத்திருந்தது வெயில் படாத பக்கம்.