மூன்றாவது குரல்

மகள் போனில் ஒரு கதை வாசிக்கிறாள். ஒரு பெட்டை, உயிரோடிருக்கிற ஒரு பெடியன், செத்த பிறகும் அவளைச் சுற்றுகிற இன்னொருவன். நேற்றுக் கேட்டாள்.

"அம்மா, நீங்களெண்டா ஆரை எடுப்பீங்கள்?"

"சோறு ஆறுது. சாப்பிடு."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கதை எழுதத் தெரியாது. நடந்ததை எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பதினேழு. துறைமுகத்துக்கு இந்தப் பக்கம், வள்ளம் கட்டும் கரையில் கருவாடு காயப்போடும் வேலை. பக்கத்து வளவில் அண்ணன் தம்பி இருவர். மூத்தவன் என்னை விரும்பினான். எனக்கும் விருப்பம்தான். வாடைக்காற்றோடு கடலுக்குப் போனான். மூன்றாம் நாள் பிணமாகக் கரையொதுங்கினான்.

பிறகு உச்சி வெயிலில் அவன் குரல் கேட்கத் தொடங்கியது. என் பெயரை ஒரு தரம் சொல்லும். திரும்பினால் ஆளிருக்காது. எனக்குக் காய்ச்சல் வந்தது. அவன் தாயை நான் மாமி என்பேன். அவர்தான் வந்து திருநீறு பூசினார்.

"அவன் உன்னைத் தேடுறான் பிள்ளை. ஒரு தரம், ரெண்டு தரம் கூப்பிட்டாப் போகாதை. ஓம் எண்டும் சொல்லாதை. மூண்டாந்தரமும் கூப்பிட்டாத்தான் மனுசர்."

சில மாதம் கழித்துத் தம்பிக்காரன் கேட்டான்.

"என்னைக் கட்டுவியோ? ஓம் எண்டு சொல்லன்."

"அண்ணேன்ர ஆண்டுத்திவசம் முடியட்டும்."

"செத்தவனோட போட்டி போட ஏலாதப்பா. அவனுக்குச் சாப்பாடும் தேவையில்லை."

சிரித்தான். சிரிப்பும் குரலும் அண்ணனுடையவை. அந்தக் குரலுக்காகத்தான் இவனையும் பிடித்ததோ, தெரியாது. ஓம் சொல்லவில்லை.

திவசத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. உச்சி நேரம். கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். வள்ளங்களுக்கு அப்பால் என் பெயர் கேட்டது. கை நின்றது. இன்னொரு தரம் கேட்டது. மூன்றாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மிச்சக் கருவாட்டையும் புரட்டினேன்.

பின்னேரம் தம்பிக்காரனைத் தண்ணீருக்குள்ளிருந்து தூக்கினார்கள். எஞ்சினில் சுற்றிய வலையை அறுக்க இறங்கியிருக்கிறான். வலை காலிலும் சுற்றிவிட்டது. ஆழமில்லை. நான் நின்ற இடத்திலிருந்து முப்பது அடி.

செத்தவீட்டில் மாமி என்னைப் பக்கத்தில் இருத்திக் கேட்டார்.

"நீ கரையில நிண்டனியெல்லோ. கூப்பிட்டவனோ?"

"ஓம் மாமி."

"எத்தினை தரம்?"

"ரெண்டு."

அவர் அழவில்லை. தன் வாயில் தானே அடித்தார். இன்னொரு தரம் அடித்தார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு உச்சியில் எந்தக் குரலும் கேட்கவில்லை. இரண்டு பேருடையதும்.

வீட்டில் யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே ஓம் என்பேன். குசினியில் சட்டியை விட்டுவிட்டும் போவேன். மகளுக்கு அது பகிடி. வேண்டுமென்றே ஒரு தரம் கூப்பிட்டுவிட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நான் போய்ப் பார்த்தால் ஆளிருக்காது.