கார்பன் டெட்ராவும் ஆல்ஃபா-1 கோடும்

அமிலத் தட்டில் அலச அலசச் சாயம் வெளுத்து, காகித ஸ்ட்ரிப்பில் ரத்தத்தின் புரதங்கள் மட்டும் நீலக் கோடுகளாக எழும்பி வரும். அன்று நோயாளி தாஸின் ஸ்ட்ரிப்பையும் என்னுடையதையும் க்ளிப் மாட்டிக் கொடியில் காயவிட்டேன். இரண்டிலும் ஒரே இடத்தில், ஒரே தடிப்பில், ஆல்ஃபா-1 கோடு. ஒருவன் இரண்டு முறை ரத்தம் கொடுத்த மாதிரி.

ராயபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு அது முதல் வருடம். நோயாளியின் ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ஒருவரின் ரத்தம் வேண்டும்; அந்த நார்மலுக்கு வெளியாள் தேட மாட்டோம்; டெக்னீஷியன் தன் கையிலேயே குத்தி எடுத்துக்கொள்வான். அதுதான் எங்கள் வழக்கம்.

தாஸ் கொருக்குப்பேட்டைக்காரன். திருவொற்றியூர்ப் பட்டறையில் இரும்புச் சாமான்களை கார்பன் டெட்ரா தொட்டியில் முக்கி கிரீஸ் எடுப்பவன். மஞ்சள் காமாலையில் ஒரு மாதம் வீட்டில் கிடந்துவிட்டு வேலைக்குத் திரும்ப ஃபிட் சர்ட்டிபிகேட்டுக்கு வந்திருந்தான்.

"சோறு நல்லா துன்றேன் நைனா. நார்மல்னு ஒரு வார்த்த எய்தி குடு. லேட்டானா தொட்டிக்கு வேற ஆள போட்ருவானுங்கோ."

என்னுடையதைப் போலவே இருக்கிறது, அப்படியானால் நார்மல்தான். எழுதப் பேனாவைத் திறந்தபோது விரலில் கார்பன் டெட்ராவின் இனிப்பு வாடை அடித்தது. முந்தின நாள் அவனுக்கு ரத்தம் எடுக்கும்போதும் அடித்தது; அவன் மேலிருந்து வருகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு மாதமாகத் தொட்டிப் பக்கமே போகாதவன் மேல் ஏது அந்த வாடை?

மேஜைக்கடியில் எங்கள் டின் இருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு தினமும் அதே கார்பன் டெட்ராவில்தான் கண்ணாடிச் சாமான்களின் பிசுக்கை எடுப்பேன்.

மாடி வார்டுக்கு ஓடினேன்.

"இன்னாபா, பேய் அட்ச்ச மாரி கீற?" என்றார் பிலோமினா சிஸ்டர்.

"உங்க ரத்தம் கொஞ்சம் வேணும் சிஸ்டர்."

"பேயேதான்!" சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

மறுநாள் அவருடைய ஸ்ட்ரிப்பில் அந்தக் கோடு மயிரிழையாகத்தான் வந்தது. தடித்திருந்தவை எங்கள் இரண்டும்தான்.

கார்பன் டெட்ராவின் ஆவி மூச்சில் போய்க் கல்லீரலைப் புண்ணாக்கும். கல்லீரலில் காயம் பட்டால் வெள்ளணுக்கள் வந்து செத்த செல்களைக் கரைக்கும். அந்தக் கரைப்பு உயிருள்ள சதையையும் தின்றுவிடாமல் பிடித்து நிறுத்தும் புரதங்களில் ஒன்று ஆல்ஃபா-1. அதைச் செய்து அனுப்புவது அந்தக் கல்லீரலேதான். எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே கல்லீரல் ஏதோ தீயை அணைத்துக்கொண்டிருந்திருக்கிறது, எத்தனை நாளாகவோ.

மூன்றையும் டாக்டரிடம் காட்டினேன். தாஸைத் தொட்டியில் விடக்கூடாது, வேறு பிரிவில் போடவேண்டும் என்று பட்டறைக்கு எழுதினார். ஃபோர்மேன் இன்னும் பதில் சொல்லவில்லை.

"எனுக்கு எய்தி குட்த்துட்டாரு, ஷோக்கா கீது. உனுக்கு யாரு மாமு எய்துவா?" என்றான் தாஸ்.

டின்னை வெளியேற்றிவிட்டேன், இப்போது கண்ணாடி கழுவச் சலவைச் சோடாவும் வெந்நீரும்தான். இனி நார்மல் பிலோமினா சிஸ்டர். திங்கட்கிழமைதோறும் தாஸ் வருவான், அவன் ரத்தத்தையும் என்னுடையதையும் சேர்த்தே ஸ்ட்ரிப்பில் ஓட்டப்போகிறேன். கோடு மெலிந்தால் மட்டும் போதாது: காயம் ஆறினாலும் மெலியும், அந்தப் புரதத்தைச் செய்ய முடியாமல் கல்லீரல் ஓய்ந்துபோனாலும் மெலியும். எது எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். முதலில் என்னுடையதில்.