ஏழரை மணி வேன்

அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்தியது நான்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். குடியை விட முடியாத ஒரு விமானியின் கதை. வேலைக்குக் கிளம்பும் முன் கண்ணாடி முன் நின்று வாய் கொப்பளிக்கிறான். உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்க்கிறான். பிறகு தொப்பியை வைத்துக்கொண்டு, ஏறிவரும் பயணிகளைப் பார்த்துச் சிரிக்கிறான். நான் ரிமோட்டை எடுத்துவிட்டேன்.

"நல்லாத்தானே போயிட்டிருந்துது?" என்றார் கணவர்.

"தலை வலிக்குதுங்க."

தலை வலிக்கவில்லை. மூன்று நாள் முன்புதான் எங்கள் பள்ளி வேன் டிரைவருக்கு நான் சால்வை போர்த்தியிருந்தேன்.

அதற்கு முந்தைய வாரம், மாடம்பாக்கம் ஏரிப் பக்கத்துத் திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி தப்பான பக்கத்தில் வந்திருக்கிறது. அவர் வேனை ஒடித்துத் திருப்பிச் சேற்றில் இறக்கி நிறுத்திவிட்டார். பன்னிரண்டு பிள்ளைகள், ஒருவருக்கும் கீறல் இல்லை. யூகேஜி படிக்கும் என் மகளுக்கு அது ராட்டினம் மாதிரி இருந்ததாம். அன்று முழுக்க நான் அவள் கையையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சால்வை யோசனை அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. "நீங்க படிச்சவங்க, ரெண்டு வார்த்தை பேசிப் போர்த்திடுங்க" என்றார்கள். எனக்கு மறுக்கத் தெரியாது.

காலை ஏழரை மணி, எங்கள் தெருமுனை. அவர் வெட்கத்தோடு குனிந்தார்.

"இன்னாத்துக்குக்கா இதெல்லாம்? நம்ம புள்ளைங்கதான."

சால்வையைத் தோளில் சரிசெய்யக் கிட்டே போனேன். புதினா மிட்டாய் வாசனை. அதற்கு அடியில் இன்னொரு வாசனை. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகு மகளைத் தூக்கி வேனில் ஏற்றிவிட்டேன். தெரிந்த பிறகும் ஏற்றினேன்.

இருமல் மருந்தாக இருக்கலாம் என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டேன். குடித்தவரால் வண்டியை அப்படித் திருப்பியிருக்க முடியுமா? குடிக்காமல் இருந்திருந்தால் அந்த லாரியை முன்பே பார்த்திருப்பாரோ? படத்தில் அவன் கையில் ஊதிப் பார்த்ததும் இருமல் மருந்து என்ற சமாதானம் போய்விட்டது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்.

"வாசனைய வெச்சு ஒருத்தர் பொழப்புல கை வைக்க முடியுமா? உனக்கு மட்டும் அடிச்சிருந்தா? பயமா இருந்தா நம்ம பொண்ண நிறுத்திடு."

அது நியாயமாகத்தான் பட்டது. திங்கட்கிழமை தெருமுனைக்குப் போய், "வேன்ல அவளுக்கு வாந்தி வருதுண்ணா. இனிமே நானே ஸ்கூட்டில கொண்டு விட்டுடறேன்" என்றேன்.

டிரைவர் ஏன், என்ன என்று எதுவும் கேட்கவில்லை. "சரிக்கா" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்றே மேல் வீட்டு அக்கா மாடிப்படியில் பிடித்துக்கொண்டார். அவருடைய பெரியவள் அதே வேனில்தான் போகிறாள்.

"ஒரு சீட் காலியாமே? எங்க சின்னதையும் ஏத்தி விட்டுடலாம்னு இருக்கேன். இவர மாதிரி டிரைவர் எங்க கிடைப்பாரு, நீயே சொல்லு."

நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். படியில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"அவளுக்கும் வாந்தி வந்துட்டா என்னக்கா பண்ணுவீங்க?"

"இவளுக்கா? ஆட்டோவுல குலுக்கற குலுக்கல்லயே தூங்கற ஜென்மம் இது."

சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டார். குழுவில் எழுத உட்கார்ந்தேன். "எனக்குச் சந்தேகம்" என்று தொடங்கி அழித்தேன். "தவறாக நினைக்க வேண்டாம்" என்று தொடங்கி அதையும் அழித்தேன். டிரைவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு வசதியாக இருந்ததால் நினைத்தேனோ என்னவோ.

மறுநாள் ஸ்கூட்டியில் மகளை முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பியபோது வேன் நின்றுகொண்டிருந்தது. மேல் வீட்டு அக்காவின் சின்னவள், எல்கேஜிக் குழந்தை. படியில் கால் எட்டவில்லை. டிரைவர் இறங்கி வந்து அவளைத் தூக்கி, என் மகள் உட்கார்ந்திருந்த ஜன்னலோரத்தில் வைத்தார். அக்கா என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். டிரைவர் கதவை இழுத்துச் சாத்தி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.