பன்னிரண்டாவது கையெழுத்து

பட்டறையில் எல்லோரும் அவனை ‘மாவுக்கட்டு’ என்றுதான் கூப்பிட்டார்கள். கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக்கால் செய்கிற பட்டறை. ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கு அடுத்த கதவு. மிச்சமிருக்கும் காலின்மேல் ஈர மாவுக்கட்டுத் துணியைச் சுற்றி அச்சு எடுப்பது அவன் வேலை. அச்சு சரியாக வந்தால்தான் காலை நுழைக்கும் கிண்ணம் சரியாக வரும். கிண்ணம் சரியில்லை என்றால் மற்றதெல்லாம் வெறும் அலங்காரம்.

வயது இருபத்தாறு. அம்மா போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு ஒன்பது, அக்காவுக்குப் பதினெட்டு. அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து அவனைப் படிக்க வைத்தாள். இன்றைக்கும் அதே நாற்காலிதான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், “இவனுக்கே சோறு போட்டு முடியல” என்று பேச்சை முடித்துவிடுவாள்.

அவனுக்கு இருந்த ஒரே சொத்து குரல். தெருவுக்குத் தண்ணீர் லாரி வராத ஒரு கோடையில் அவன் போட்ட சத்தத்தைக் கேட்டுத்தான் கட்சியின் இளைஞர் அணித் தலைவர் அவனைப் பிடித்தார். எல்லையில் சண்டை தொடங்கியதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் ஸ்டாண்டு மேடையில் அவன் பேச்சு. “நாடு கூப்பிடுகிறது, போங்கள்!” என்பான். மேடைக்குக் கீழேயே ஒரு மேசை, அதன்மேல் படைக்கு ஆள் சேர்க்கும் படிவங்கள். மூன்று மாதத்தில் பதினோரு பையன்கள் கையெழுத்துப் போட்டார்கள். முன்வரிசையில் அக்கா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கை வலிக்கத் தட்டுவாள்.

அவன் ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கவில்லை. தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவரைப் படம் பார்த்தீர்களா என்று யார் கேட்கிறார்கள்? அவனும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

கேட்டது ஒரு சிப்பாய். இருபத்திரண்டு வயது, வலது கால் முழங்காலுக்குக் கீழே நான்கு விரற்கடைதான் மிச்சம். கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து, மெல்லிய உறையை மாட்டி, எலும்பு துருத்துகிற இடங்களில் ஊதாப் பென்சிலால் குறி போட்டுக்கொண்டிருந்தான் மாவுக்கட்டு.

“அண்ணே, பஸ் ஸ்டாண்டுல பேசுறது நீங்கதானா? வார்டு ஜன்னலைத் திறந்தா உங்க குரல்தான். டிவியே கேட்க மாட்டேங்குது.”

“நல்லா இருக்கா?”

“சத்தம் நல்லா இருக்கு.” பையன் சிரித்தான். “உங்களுக்கு என்ன வயசுண்ணே?”

“இருபத்தாறு.”

“இருபத்தேழு வரைக்கும் எடுக்குறாங்களே.”

மாவு காய்கிற ஐந்து நிமிடமும் கால் துவண்டு கிடக்க வேண்டும். அதனால் அந்த நேரத்தில் அவன் யாரிடமும் சாதாரண விஷயம்தான் பேசுவான்: எந்த ஸ்கூல், வீட்டில் நாய் உண்டா, இப்படி. அன்றைக்கு மறந்துவிட்டான். முழங்கால் சில்லுக்குக் கீழே இரண்டு கட்டைவிரலையும் அழுத்திப் பிடித்தபடி மேடைப் பேச்சில் இறங்கிவிட்டான்.

“எல்லாரும் போயிட்டா இங்க ஜனங்ககிட்ட யாருப்பா பேசுறது? அதுவும் ஒரு சேவைதான். நான் ஒருத்தன் போறதைவிட நூறு பேரை அனுப்புறது…”

அவன் விரலுக்கடியில் சதை கல்லாக இறுகியது. தெரிந்தது. தெரிந்தும் வாக்கியத்தை முடிப்பதிலேயே குறியாக இருந்தான்.

ஒரு வாரம் கழித்து அந்தக் கிண்ணத்தோடு பையன் ஆறு அடி நடந்தான். ஏழாவது அடியில் முகம் வெளுத்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு பக்கமும் தோல் உரிந்து ரத்தம். பட்டறையின் பெரிய மேடம் அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“விறைச்ச காலுக்கு அச்சு எடுத்திருக்கே. அப்படி என்னப்பா பேசினே அவன்கிட்ட?”

“வயசு கேட்டான் மேடம். சொன்னேன்.”

தோல் ஆறப் பத்து நாள். பத்து நாளும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குப் போய்ப் புண்ணைப் பார்த்துவிட்டு வந்தான். பையன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒருநாள் கால் நகம் வெட்ட நகவெட்டி கேட்டான். “இப்பல்லாம் பாதி நேரத்துல வேலை முடிஞ்சிடுதுண்ணே.” மாவுக்கட்டால் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. நகவெட்டியைக் கொண்டுவந்து, மிச்சமிருந்த பாதத்தின் நகங்களைத் தானே வெட்டிவிட்டான்.

நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினான். கீழே மேசை, படிவம், நூலில் கட்டிய பேனா. ‘போங்கள்’ என்கிற இடம் வந்தது, நாக்கு நகரவில்லை. நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டான்.

“என்னடா, தொண்டையா?” என்றார் தலைவர்.

“இல்லண்ணே. நானும் பேரு கொடுத்துடலாமான்னு…”

தலைவர் தோளில் கைபோட்டுச் சிரித்தார். “போடா இவனே. நீ போயிட்டா நூறு பேரைக் கூட்டிட்டு வர ஆள் யாரு?”

தான் சொன்னது இன்னொருவர் வாயிலிருந்து வந்தபோதுதான் அதில் இருந்த ஓட்டை அவனுக்குத் தெரிந்தது.

இரண்டாவது தடவை அச்சு எடுத்த அன்று அவன் வாயே திறக்கவில்லை.

“கோவமாண்ணே?”

“இல்ல. காலைத் தளர விடு.”

“விட்டாச்சு. நான் உங்களைப் போகச் சொல்லலண்ணே. சண்டை தப்புன்னும் சொல்லல. அது எனக்கே இன்னும் புரியல, இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. ஆனா என்னை ஒருத்தன் அனுப்பினான்னு நினைச்சா எரியுது. அங்க சண்டையில கூட நின்னவன் எவனும் ‘அனுப்புறேன்’னு பேசல.”

மாவு சூடேறிக் காயத் தொடங்கியது. கட்டைவிரலை எடுக்காமல், தலையை நிமிர்த்தாமல் மாவுக்கட்டு சொன்னான்: “எனக்குப் பயமா இருக்குடா.”

“இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என் தோல் தப்பிச்சிருக்கும்” என்றான் பையன். அச்சு வாழைப்பழத் தோல் மாதிரி கழன்று வந்தது.

மேடைப் பேச்சை நிறுத்தினால் போதும் என்று இரண்டு நாள் மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தான். அதுவும் நியாயமான வழிதான். பலர் அதோடு நின்றிருப்பார்கள். ஆனால் கையெழுத்துப் போட்ட பதினோரு பேர் வீட்டில் ஏழு வீடு அவன் வேலைக்குப் போகிற தெருவிலேயே இருந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருவனின் அம்மா, மெக்கானிக்கின் மனைவி, வாசலில் நின்று, “தம்பி, பையன்கிட்டேருந்து போன் வந்துச்சு” என்று ஏதோ அவனுக்கும் பங்கு இருக்கிற மாதிரி சொல்வாள். பங்கு இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் படிவத்தோடு வீட்டுக்கு வந்தான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குப் படையில பேரு கொடுக்கப் போறேன்க்கா.”

“யாரு பேரை?”

“என் பேரைத்தான்.”

“பைத்தியமா உனக்கு? அதெல்லாம் பொதுவா சொன்னதுடா!”

“நீதானே முன்னாடி உட்கார்ந்து தட்டினே?”

“தட்டினேன். என் தம்பி நல்லா பேசுறான், தட்டினேன். உன் பேச்சைக் கேட்டு நீயே கிளம்புவேன்னு நான் கண்டேனா?”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையிலிருந்த துண்டாலேயே ஒரு அடி போட்டாள். அப்புறம் அதே துண்டை மறுபடி மடித்தாள். மடித்து முடித்ததும் சத்தமில்லாமல் கேட்டாள்:

“அந்தப் பதினோரு பேருக்கும் நான் தட்டினேனா?”

“ஆமாக்கா.”

“அவங்க வீட்டுக்காரங்க யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கலையே.”

இரண்டு பேரும் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கொண்டா அந்தக் காகிதத்தை” என்றாள். நாள் முழுக்க அடுத்தவர்களுக்குப் படிவம் நிரப்புகிற கை. ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ரத்த வகையைத் தப்பாக எழுதியிருந்தான், திருத்தினாள். பழைய டைபாய்டு விட்டுப்போயிருந்தது, சேர்த்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது: ‘தகவல் தெரிவிக்க வேண்டியவர்.’

“இதை ஏன்டா விட்டுட்டே?”

“எழுத வரலக்கா.”

பேனாவை வாங்கித் தன் பெயரை எழுதினாள். உறவு: அக்கா. போன் நம்பரை எழுதி, ஒருமுறைக்கு இருமுறை வாய்விட்டுச் சரிபார்த்தாள். பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடவும்’ என்று சேர்த்தாள்.

“பகல்ல கிளினிக் போனையே எடுக்க முடியல. என் போனை எங்க…”

பாதியில் நிறுத்திவிட்டாள். தான் எழுதியதைப் பார்த்தாள். அது எந்தத் தகவலுக்கான கட்டம் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். மேலே ‘எந்த நேரமும்’ என்று தெளிவாக எழுதி, மை காயும்வரை ஊதி, படிவத்தை அவனிடம் கொடுத்தாள்.